சாம்பலில் கிடைத்த தாய் அச்சு



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் வேலை பார்க்கிறார்கள். பெயருக்கேற்ப அது உப்புச் சதுப்பாகக் கிடந்த இடம். 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொட்டி நிரப்பித்தான் அங்கே ஊர் எழுந்தது.

1794 பிப்ரவரியில், நகரத்துக்குக் கிழக்கே இருந்த அந்த உப்பு நீர்வழிகளில், கையில் காசில்லாத ஒரு குடும்பம் படகேறிப் போனது. குடும்பத் தலைவர் வில்லியம் கேரி. இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். கர்த்தர் அழைத்தார் என்று நம்பிக் கடல் கடந்தவர்.

அதே ஆண்டில் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். குழி வெட்ட ஆள் கிடைப்பதே பாடாயிற்று. மனைவி டாரதிக்கு மனம் பேதலித்தது. 1807இல் கண்மூடும்வரை தெளியவில்லை. விரும்பிப் புறப்பட்டவர் அல்லர் அவர். அந்தத் தாயின் வேதனையை மறந்துவிட்டு கேரியை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

பிறகு 1812 மார்ச் 11. செராம்பூரில் கேரியும் உடன் ஊழியர்களும் நடத்திவந்த அச்சகம் தீப்பிடித்தது. ஆண்டுக்கணக்காக எழுதிய கையெழுத்துப் பிரதிகள் போயின. தமிழ் உட்படப் பல மொழிகளின் ஈய எழுத்துகள் உருகிக் கட்டியாகிவிட்டன. கொல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த கேரி, அந்தச் சாம்பல் மேட்டில் நின்று கண் கலங்கினார்.

விசுவாசி அழக்கூடாது என்பார்கள் சிலர். லாசருவின் கல்லறையருகே இயேசுவே அழுதாரே! "ஆண்டவரே, ஏன் எனக்கு இப்படி?" என்று கேட்பதும் அவிசுவாசமாகாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புவதால்தானே கேட்கிறோம்?

இடிபாட்டைக் கிளறியவர்களுக்கு ஒன்று கிடைத்தது. எழுத்து வார்க்கும் தாய் அச்சுகள் கெடாமல் இருந்தன. உருகிய ஈயத்தையே மறுபடி காய்ச்சி அவற்றில் ஊற்றினார்கள். சில வாரங்களில் அச்சகம் ஓடத் தொடங்கியது.

பீட்டர் திரும்பவில்லை. எரிந்த ஏடுகளும் அப்படியே திரும்பவில்லை. கேரியோ 1834இல் இறக்கும்வரை இந்த மண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதைக் கேட்கும் சகோதரியே, வேலை போன செய்தியை வீட்டில் சொல்லத் தெரியாமல் தவிக்கும் தம்பியே, அழ வேண்டியதை அழுது தீருங்கள். பிறகு சாம்பலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். கர்த்தர் உங்களுக்கென்று ஒரு தாய் அச்சை மிச்சம் வைத்திருப்பார்.