எபிசோட் 41: அப்பாவின் ஊசி

வழக்கமா இங்க கோடிங், வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னிக்கு எங்க வீட்டு விஷயம்: சொரியாசிஸ், அதுக்குப் போடற பயாலஜிக் ஊசி. நான் டாக்டர் இல்ல, இன்ஜினியர். அப்பாவோட ஃபைலைத் தூக்கிக்கிட்டு ரெண்டு வருஷம் அலைஞ்ச ஆள். அந்தத் தகுதியில மட்டும் பேசறேன்.

எங்க ஊர் பாகூர். ஏரித் தண்ணியில நெல் வைக்கிற குடும்பம். அப்பாவுக்கு முழங்கையில ஆரம்பிச்ச செதில் தலை, முதுகுன்னு பரவிடுச்சு. வில்லியனூர் தேருக்குப் போனாக்கூட அந்த வெயில்ல முழுக்கை சட்டைதான். ஒரு சலூன்ல, "வேற கடை பாருங்க"ன்னு சொல்லிட்டாங்க. இது ஒட்டுற நோய் இல்ல. நம்ம எதிர்ப்பு சக்தியே தப்பா தூண்டப்பட்டு, ஒரு மாசத்துல மேல வரவேண்டிய தோல் செல்லை சில நாள்லயே தள்ளிவிடுது. அது குவிஞ்சு நிக்கிறதுதான் செதில்.

முதல்ல வெட்பாலைத் தைலம். அப்புறம் யாரோ கொடுத்த மாத்திரை. பத்தே நாள்ல தோல் பளிச்சுன்னு ஆச்சு, நிறுத்தினதும் முன்னைவிட மோசமா வந்துச்சு. அது ஸ்டீராய்டுன்னு பிறகுதான் தெரிஞ்சது. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா, சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து உரியற நிலைக்குக்கூடப் போயிடும். தோல் டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறிப்போய் தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. அப்பாவுக்கு அது நல்லா வேலை செஞ்சது, ஆனா கல்லீரல் டெஸ்ட் ஏறிடுச்சு. நிறுத்தியாச்சு.

அடுத்துதான் பயாலஜிக். நம்ம பாஷையில சொல்றேன். மெத்தோட்ரெக்ஸேட் மொத்த சர்வரையும் மெதுவாக்குது. பயாலஜிக் ஒரே ஒரு மெசேஜை பிளாக் பண்ணுது. அடாலிமுமாப் தடுக்கிறது டிஎன்எஃப்ங்கிற சிக்னலை. செகுகினுமாப் தடுக்கிறது இன்டர்லூகின் 17ஏ-வை. ரெண்டும் உயிருள்ள செல்கள்ல தயாரிக்கிற புரதம். வாயில போட்டா செரிச்சிடும், அதனாலதான் ஊசி.

இதுல நம்ம நாட்டுக்கும் ஒரு கதை இருக்கு. கியூபாவில கண்டுபிடிச்ச இடோலிசுமாப் மருந்தை பெங்களூரு பயோகான் 2013-ல சொரியாசிஸுக்குக் கொண்டுவந்தது. 2014 டிசம்பர்ல அகமதாபாத் சைடஸ், அடாலிமுமாபுக்கு உலகத்தோட முதல் பயோசிமிலரை இங்க விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவுல அப்படி ஒண்ணு கடைக்கு வர 2023 ஆச்சு. அப்படி விலை குறைஞ்சும், எங்களை மாதிரி வீட்டுக்கு இது பெரிய தொகைதான். "உன் கல்யாணத்துக்கு வெச்ச பணம்டா அது"ன்னு அப்பா ஒரு மாசம் பிடிவாதம் பிடிச்சார். "நீ நல்லா இருந்தாத்தானே கல்யாணத்துல நிப்ப"ன்னு அம்மாதான் முடிச்சு வெச்சாங்க.

சரி, ஊசி போடப் போனா, டாக்டர் போடல. நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி, சி, ஹெச்ஐவி எல்லாம் எடுக்கச் சொன்னார். எனக்குக் கோபம். ரிசல்ட் வந்ததும் வாயடைச்சுப் போச்சு. அப்பாவுக்கு இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, ஆனா உள்ளே காசநோய்க் கிருமி தூங்கிட்டு இருந்தது. நம்ம நாட்டுல இது நிறைய பேருக்கு உண்டு. அந்தக் கிருமியைச் சுத்திச் சுவர் கட்டி வெச்சிருக்கிறதே டிஎன்எஃப்தான். அதை பிளாக் பண்ணினா சுவர் இடிஞ்சு நோய் கிளம்பிடலாம். டாக்டர் முதல்ல காசநோய்த் தடுப்பு மாத்திரையை ஆரம்பிச்சார். ஒரு மாசத்துக்கு மேல அது ஓடின பிறகு, அந்த ஆபத்து குறைவான செகுகினுமாபை எடுத்தார். "டெஸ்டெல்லாம் பணம் பறிக்கத்தான்"னு நான் நினைச்சிருந்தேன். அந்த டெஸ்ட்தான் அப்பாவைக் காப்பாத்துச்சு.

முதல் அஞ்சு டோஸ் வாரா வாரம், அப்புறம் மாசம் ஒண்ணு. மருந்து 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறையவும் கூடாது. தவளக்குப்பம் தாண்டி பஸ்ல வரும்போது, ஐஸ் பேக் மேல படாம துணி சுத்தி, டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு வருவேன். வீட்டுல கரன்ட் போனா ஃப்ரிட்ஜை யாரும் திறக்கக் கூடாதுன்னு அம்மா சட்டம்.

நாலாவது மாசம் முதுகு சுத்தம். உடனே அப்பா, "சரியாயிடுச்சே, எதுக்கு வீண் செலவு"ன்னு ரெண்டு டோஸ் விட்டுட்டார். முழங்கையில திரும்ப செதில். இது பக் ஃபிக்ஸ் இல்ல மக்களே, கோடு அப்படியேதான் இருக்கு. மெசேஜை பிளாக் பண்ற வரைக்கும்தான் அமைதி. நிறுத்தறதோ இடைவெளி கூட்டறதோ டாக்டர் முடிவு பண்ணணும், நம்ம பர்ஸ் இல்ல.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஊசி பேச்சு வந்தா, மூணு கேள்வி கேளுங்க. காசநோய் டெஸ்ட் எடுத்தாச்சா? எத்தனை மாசத்துக்குப் பணம் வேணும், ஏதாவது திட்டத்துல கிடைக்குமா? காய்ச்சல், விடாத இருமல் வந்தா யாரைக் கூப்பிடணும்? மூட்டு வலி, காலையில விரல் இறுக்கம் இருந்தா மறைக்காம சொல்லுங்க. இந்த நோய் மூட்டையும் பிடிக்கும்.

போன வாரம் அப்பா அரைக்கை சட்டை போட்டுக்கிட்டு ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்தார். அவர் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.