விட்ட ஓட்டத்துக்கு வட்டி இல்லை

(கமுதியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



சந்தா, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போது வேறொரு பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் உறுப்பினர்களின் பெண்பிள்ளைகள் போலீஸ் தேர்வுக்காக விடிகாலையில் ஓடுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதில் தேறினால்தான் மற்ற போட்டிகள்.

போன மாதம் ஓர் உறுப்பினர் வீட்டுக்குப் போனோம். மகள் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமா வீட்டுக் கல்யாணத்தில் நாலு நாள் ஓட்டம் விட்டுப் போச்சாம். திரும்பி வந்ததும் விட்டதையும் சேர்த்துக் காலை, மாலை இரண்டு வேளையும் ஓடியிருக்கிறாள். முன்னங்கால் எலும்பில் வலி வந்துவிட்டது. அம்மா கேட்டார்: "தவணை தவறினா சேர்த்துத்தானேம்மா கட்டணும்?" எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அப்படிப் பழக்கியதே நாங்கள்தானே!

ஓட்டத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது. ஓடும்போது தசையில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதம் ஏற்படுகிறது. உடம்பு அதைச் சரிசெய்து முன்பைவிட உறுதியாக்குவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். எலும்புக்கு இன்னும் அதிக நாள் வேண்டும். அவகாசம் தராமல் திடீரென்று தூரத்தைக் கூட்டினால் எலும்பில் விரிசல்கூட விழலாம். நாலு நாள் ஓடாததால் அந்தப் பிள்ளை பெரிதாக எதையும் இழக்கவில்லை. சேர்த்து ஓடியதால்தான் இழந்தாள்.

"ரேவதி அக்கா வெறுங்காலில் ஓடித்தானே ஒலிம்பிக் போனாங்க, எனக்கு எதுக்கு ஓய்வு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைச் சொல்கிறார்கள். பாட்டி கூலி வேலை செய்து வளர்த்த பிள்ளை. 2021-இல் டோக்கியோவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். பெருமைதான். ஆனால் அவரைப் பார்த்துப் பார்த்துப் பழக்க கண்ணன் என்ற பயிற்சியாளர் இருந்தார். நம் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான்.

அதனால் வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள். ஒன்றிரண்டு நாள் விட்டால், விட்டதை மறந்து அன்றைய ஓட்டத்தை மட்டும் ஓடட்டும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப் போனால், முதல் சில நாள் பாதித் தூரம், மெதுவாக. காய்ச்சலோடு ஓடவே கூடாது. எலும்பில் ஓரிடத்தில் அழுத்தினால் வலிக்கிறதென்றால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. தம்பிக்கு உடம்பு சரியில்லை, தண்ணீர் எடுக்கணும், மிளகாய்ப் பழம் பறிக்கணும் என்று ஓட்டத்தை நிறுத்துவது நாம். பிறகு "சோம்பேறி" என்று திட்டுவதும் நாமே! பகல் முழுக்கக் கரிமூட்டத்தில் நின்ற பிள்ளையின் கால் ஏற்கெனவே உழைத்த கால். மறுநாள் அவள் தூங்கினால் விடுங்கள். மாதவிலக்கு நாளில் முடிந்தால் ஓடட்டும், முடியாவிட்டால் வேண்டாம். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கினால் ரத்த அளவைப் பாருங்கள். நம் மாநிலத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது.

அந்தப் பிள்ளை இப்போது நடக்க மட்டும் செய்கிறாள். தேர்வு அறிவிப்பு வந்துவிடுமோ என்று தினமும் செய்தித்தாளைப் புரட்டுகிறாள். அம்மா முன்போல விரட்டுவதில்லை.

ஓடும் பிள்ளைகள் உள்ள அம்மாக்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்று குழு நோட்டிலேயே எழுதிவிடுவோம்.