கிளி எடுக்கும் சீட்டல்ல



அறிவியல் புனைகதை பற்றி மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியில்தான் தொடங்குவார்கள். நிலவுப் பயணத்தை ஜூல்ஸ் வெர்ன் அன்றே சொன்னார், அணுகுண்டை எச்.ஜி. வெல்ஸ் அன்றே சொன்னார். கேட்கிற நமக்கும் கை தட்டத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூண்டைவிட்டு வந்து சீட்டெடுத்துப் போடும் கிளியின் வேலையை இந்த எழுத்தாளர்கள் தலையில் கட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பலித்ததா என்று பார்க்கத் தொடங்கினால் முக்கால்வாசிப் பேர் தேறவும் மாட்டார்கள்.

வெர்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1865-இல் வந்த நாவல். ஃப்ளோரிடாவில் மண்ணைத் தோண்டி ஒரு ராட்சத பீரங்கியை வார்க்கிறார்கள். குண்டுக்குள் மூன்று பேர் உட்கார்ந்து நிலவுக்குப் புறப்படுகிறார்கள். உண்மையில் வெடித்த நொடியிலேயே மூவரும் கூழாகியிருப்பார்கள். ஆனால் ரஷ்யாவில், சிறுவயதிலேயே காது மந்தமாகிப்போன ஒரு பள்ளி ஆசிரியர் வெர்னைப் படித்தார். பெயர் சியால்கோவ்ஸ்கி. பீரங்கி உதவாது, வேறு எது உதவும் என்று கணக்குப் போட ஆரம்பித்தவர், 1903-இல் ராக்கெட் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். வெர்ன் சொன்ன வழி தப்பு. போகலாம் என்ற ஆசை தப்பில்லை.

அணுகுண்டின் கதை இதைவிடக் கனமானது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1914-இல் வெல்ஸ் ஒரு நாவல் எழுதினார். அதில் வரும் அணுகுண்டை விமானத்திலிருந்து கையால் தூக்கிப் போடுவார்கள். ஒரே வெடியில் அடங்காமல் அது நாள்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். நிஜக் குண்டு அப்படி இல்லை. நாவல் வந்தபோது நியூட்ரான் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 1932-இல் லியோ சிலார்டு என்ற ஹங்கேரிய இயற்பியலாளர் அந்த நாவலைப் பெர்லினில் படித்தார். அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வர, யூதரான சிலார்டு தப்பி லண்டனுக்கு வந்து சேர்ந்தார். அந்தச் செப்டம்பரில், அணுவிலிருந்து ஆற்றல் எடுக்கலாம் என்பது வெறும் பகற்கனவு என்று இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு பேசியதைப் பத்திரிகையில் பார்த்தார். பெரியவர் ஒருவர் முடியாது என்று சொல்லிவிட்டால் சிலருக்கு எரிச்சல் வரும் அல்லவா? சிலார்டு அந்த ரகம். சவுத்தாம்ப்டன் ரோ என்ற தெருவில் சிக்னலுக்காக நின்று கடக்கும்போது அவருக்கு ஒரு வழி பிடிபட்டது. ஒரு நியூட்ரான் ஓர் அணுவைப் பிளந்து இரண்டு நியூட்ரான்களை வெளியேற்றினால்? அந்த இரண்டும் நான்காகப் பெருகினால்? தொடர்வினை!

இனிமேல்தான் நான் சொல்ல வந்த இடம். 1934-இல் அவர் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பிறகு அது வெளியே தெரியக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடமே ஒப்படைத்து ரகசியமாக்கினார். ஏன்? வெல்ஸைப் படித்திருந்ததால் இது எங்கே போய் முடியும் என்று தனக்குத் தெரியும் என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆய்வகத்தில் ஒரு தொடர்வினையும் நடக்கும் முன்பே, நகரங்கள் எரிவதை அவர் கதையில் பார்த்துவிட்டார். நாஜிகள் முந்திவிடுவார்களோ என்ற பயத்தில் 1939-இல் ஐன்ஸ்டைனிடம் போய், அமெரிக்க அதிபருக்குக் கடிதம் எழுதவைத்தவரும் அவர்தான். 1945 ஜூலையில், ஜப்பான்மீது குண்டைப் போட அவசரப்படாதீர்கள் என்று சுமார் எழுபது விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கி மனு எழுதியவரும் அவர்தான். அந்த மனு அதிபர் ட்ரூமன் கைக்குப் போகவில்லை. அடுத்த மாதம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, ஒரு நாவல் குண்டைத் தடுத்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் சமன்பாட்டோடு பயத்தையும் சேர்த்துச் சுமந்தார் என்றால், அந்தப் பயத்தைக் கொடுத்தது ஒரு கதை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் இறங்கமாட்டேன். அவர் எழுதிய கதை அச்சேறியது நம்முடைய சென்னையில்.

1905. கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் 'சுல்தானாவின் கனவு' வெளிவந்தது. எழுதியவர் வங்கத்து ரொக்கையா சகாவத் ஹுசைன். கடுமையான பர்தா முறைக்குள் வளர்ந்து, வீட்டார் கண்ணில் படாமல் இரவில் அண்ணனிடம் ஆங்கிலம் கற்றவர். அவர் கதையில் ஒரு பெண்கள் நாடு. அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. சமையலறையில் புகை கிடையாது; சூரிய வெப்பத்தில் சமையல். மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இறக்கிக்கொள்கிறார்கள். போரில் தோற்றுத் திரும்பிய ஆண்கள் உள்ளே போய்ப் படுத்த பிறகு, கல்லூரிப் பெண்கள் வெயிலைக் குவித்து எதிரிப்படையை விரட்டுகிறார்கள்.

இதற்கும் யாராவது, 'மொட்டைமாடி சோலாரை அன்றே சொன்னார்' என்று கைதட்டுவார்கள். ஐயா, சோலாரை விடுங்கள்! பெண்களைப் பூட்டி வைப்பது இயற்கை, மரபு, மதம் என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதே பூட்டை ஆணுக்குப் போட்டுக் காட்டினார் ரொக்கையா. நூறு கட்டுரை எழுதியிருந்தால் நூறு மறுப்பு வந்திருக்கும். கதையில் சிரித்துவிட்டவன் எப்படி மறுப்பான்? கணவர் இறந்தபின், 1909-இல் பாகல்பூரில் ஐந்தே மாணவிகளுடன் அவர் பள்ளி தொடங்கினார். 1911-இல் அதைக் கல்கத்தாவுக்கு மாற்றினார். கனவு கண்டதோடு நிற்கவில்லை அந்த அம்மா.

நம் எழுத்தாளர் சுஜாதாவையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அவருடைய 'என் இனிய இயந்திரா' நாவல் என்றதும் எல்லோருக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு ஞாபகம் வருவது, பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதிக்குக் காத்திருக்கும் நிலாவும், அதைக் கேள்வி கேட்காமல் வாழப் பழகிவிட்ட ஜனங்களும்தான். இயந்திரம் என்ன செய்யும் என்பது சின்னக் கேள்வி. அது வந்தபின் நாம் எதற்கெல்லாம் தலையாட்டுவோம் என்பதுதான் பெரிய கேள்வி.

அறிவியல் புனைகதை என்ற பெயரில் வருவதெல்லாம் மாணிக்கம் என்று சொல்லவில்லை. விண்கலத்தில் நடக்கும் மாமியார் சண்டைகளும் நிறைய வருகின்றன. ஆனால் இந்த வகையையே 'சிறுவர் பகுதி' என்று ஓரங்கட்டுவது நியாயமில்லை. முகத்தை அடையாளம் காணும் கேமரா தெருவுக்கு வந்துவிட்டது. கருவிலேயே மரபணுவைத் திருத்திய குழந்தைகள் 2018-இல் சீனாவில் பிறந்துவிட்டன. வாக்களிக்கிற பெரியவர்கள் இவற்றைப் பற்றி யோசிக்க வேண்டாமா?

நூலகர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு என் வேண்டுகோள்: இந்தப் புத்தகங்களை எடுத்து நாவல் அலமாரியில், பெரியவர்களின் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். மற்றவர்களுக்கு: 'சுல்தானாவின் கனவு' மிகச் சிறியது, ஒரே மூச்சில் முடிந்துவிடும். முடிந்தால் வீட்டு ஆண்கள் காதில் விழும்படி வாய்விட்டுப் படியுங்கள்.