அடிப்பகுதியும் மண்ணடுக்கும்: கல் ஈட்டிமுனைகளை இனங்காணுதல்

வட அமெரிக்காவின் உழுத வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் கல் ஈட்டிமுனைகளைத் தேடிச் சேர்ப்போர் ஏராளம். ஒன்று கிடைத்ததும் படங்கள் நிறைந்த வகைநூலைப் புரட்டி, உருவம் ஒத்துப்போகும் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். உருவத்தை மட்டும் நம்பக் கூடாது, செய்த கையின் தடத்தையும் கல் கிடந்த மண்ணையுமே முதல் சாட்சிகளாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

சுமார் 13,000 ஆண்டுப் பழமையுள்ள குளோவிஸ் முனையைப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கி நீளமான சில்லைப் பெயர்த்ததால் உண்டான பள்ளம் இரு முகங்களிலும் தெரியும். பெரும்பாலும் அது பாதி உயரத்தைத் தாண்டாது. பிற்பட்ட ஃபோல்சம் முனையிலோ ஏறக்குறைய நுனிவரை ஓடும். குளோவிஸ் முனையின் அடியோர விளிம்பைத் தடவினால் கூர்மை இராது. தண்டோடு சேர்த்துக் கட்டிய நார் அறுந்துவிடாதபடி அங்கே தேய்த்து மழுக்கியிருக்கிறார்கள். மேற்பகுதியின் கதை வேறு. நுனி முறிந்தால் மீண்டும் செதுக்கிக் கூராக்கினார்கள்; ஒவ்வொரு முறையும் முனை குறுகியது, தோற்றம் மாறியது. ஒரே கருவி புதிதாக இருந்தபோது ஒரு வகையாகவும், தேய்ந்தபின் வேறொரு வகையாகவும் நூலில் இடம்பெற்றுவிடக்கூடும். கட்டுக்குள் இருந்த அடிப்பகுதி அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே முனையை அடியிலிருந்துதான் படிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் கொடுத்தால் வயது தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். ரேடியோகார்பன் முறை ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருளுக்கே பொருந்தும், கல்லுக்குப் பொருந்தாது. உடன் கிடந்த எலும்பும் கரியும்தான் கல்லின் காலத்தைச் சொல்லும். நியூ மெக்சிகோவின் ஃபோல்சம் அருகே 1926-இல் அகழ்ந்தபோது முனைகள் இடம்பெயர்ந்த நிலையில் வந்ததால் அறிஞர்கள் ஏற்கவில்லை. மறு ஆண்டு, அழிந்துபோன காட்டெருமை இனமொன்றின் விலா எலும்புகளுக்கிடையே ஒரு முனை தென்பட்டது. தொடாமல் விட்டுவைத்துத் தந்தி அடித்தார்கள். அறிஞர்கள் நேரில் வந்து பார்த்தபின், அமெரிக்காவில் மனிதரின் பழமை பற்றிய நெடுநாள் வழக்கு தீர்ந்தது. பின்னர் குளோவிஸ் நகரருகே பிளாக்வாட்டர் டிராவில், ஃபோல்சம் முனைகள் இருந்த அடுக்குக்குக் கீழே குளோவிஸ் முனைகள் மாமத் எலும்புகளோடு கிடைத்தன. எது முந்தியது என்பதை அந்த மண்ணடுக்கே முடிவு செய்தது.

சேகரிப்போர் இல்லாவிட்டால் இவையெல்லாம் தெரிந்திருக்குமா என்பது நியாயமான மறுப்பு. 1908 வெள்ளத்துக்குப் பின் ஃபோல்சம் எலும்புகளைக் கவனித்தவர் ஜார்ஜ் மெக்ஜங்கின். அடிமையாகப் பிறந்து மாட்டுப்பண்ணை மேலாளரானவர். 1922-இல் இறந்த அவர் அகழ்வைப் பார்க்கவில்லை. அவருக்கு இந்தத் துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவரது கண்டுபிடிப்பு பயன் தந்ததற்குக் காரணம், இடம் இன்னதென்று மற்றவர்களுக்கு அவர் சொல்லியிருந்ததே. உழுது புரண்ட வயலில் அடுக்கு ஏது, இடத்தைக் குறித்து என்ன பயன் என்பார்கள். பயன் உண்டு. டெக்சாஸின் அலிபேட்ஸ் கல்லைப் பார்த்ததும் அடையாளம் சொல்லலாம்; அந்தக் கல்லில் செய்த முனை எந்த வயலில் கிடைத்தது என்று தெரிந்தால், அது எவ்வளவு தொலைவு பயணம் செய்தது என்பதும் தெரியும். சேகரித்தவர் காலமானபின் பெட்டியோடு ஏலத்துக்குப் போகும் முனைக்கு இந்தச் சாட்சியம் கிடையாது. சேகரிப்பு வைத்திருப்போரைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு முனையும் கிடைத்த இடத்தை, நினைவில் இருக்கும்போதே எழுதிவையுங்கள், இனிக் காண்பதை எடுக்குமுன் படம்பிடித்து, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.