தாயின் ஓயாத களைப்பு

(தாய்–சேய் நல முகாமில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். எடையைப் பார்க்கிறோம், ஊசி போடுகிறோம், அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். தூக்கி வந்த தாய் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்குள் அடுத்த குழந்தை வந்துவிடுகிறது. ஆகவே இன்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உங்களைப் பற்றிய பேச்சைச் சற்றுக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு இதே போன்ற ஒரு முகாமில், இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அக்கா, காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சதுல இருந்து ஓடிக்கிட்டேதான் இருக்கேன். ராத்திரி படுக்கும்போது ஒரு வேலையும் முடிஞ்ச மாதிரி இல்ல. நேத்து பெரியவன் தண்ணியக் கொட்டிட்டான்னு ஓங்கி அடிச்சிட்டேன். அப்புறம் கதவச் சாத்திக்கிட்டு நான் அழுதேன். நான் நல்ல அம்மா இல்லக்கா" என்றார்.

அவருடைய கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் குறையக் கூடாது. அவர் நல்ல அம்மாதான். உடம்பில் இரத்தம்தான் போதவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவது, எதிலும் மனம் நிலைக்காமல் போவது, இவையெல்லாம் இரத்த சோகையிலும் வரும். நாமோ இதற்கு "என் சுபாவமே இப்படி" என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்த சோகை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன், உங்களுக்குச் சொல்லித் தரும் நானே அதில் ஒருத்தியாக இருந்தேன். எனக்கு 42 வயதிருக்கும். மாதவிடாய் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. காட்டிய இடத்தில், "வீட்டு டென்ஷன்தான், தூங்கினால் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பினேன். ஊரெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவள், தன் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் நல்லவை. தினமும் சாப்பிடுங்கள். ஆனால் 8 கிராமில் நிற்பவரைக் கீரை மட்டும் தூக்கி நிறுத்தாது, மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காப்பி, டீயோடு விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். கால்சியம் மாத்திரையையும் அதையும் சேர்த்துப் போடாதீர்கள். எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் துணை செய்யும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். தெம்பு வந்ததும் பாதியில் நிறுத்துகிறவர்களே அதிகம். டாக்டர் சொல்லும்வரை சாப்பிடுங்கள். இரத்தம் சரியாக இருந்தும் களைப்புத் தீரவில்லையென்றால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அது மாறுவதுண்டு.

இன்னொன்று. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். முட்டை மூன்று இருந்தால் நாலாகப் பங்கிடுங்கள்.

சரி, இரத்தம் ஏறிவிட்டது. வேலை குறைந்துவிடுமா? குறையாது. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதாகத் தெரிந்தது. ஏறக்குறைய 5 மணி நேரம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கை வைத்த ஆண்கள் 100க்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. (பின்வரிசையில் நிற்கும் அண்ணன்மார்கள் நழுவ வேண்டாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.)

அந்தத் தாயிடம் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். அடுப்படியில் ஒரு டம்ளர் வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புளியங்கொட்டை போடுங்கள். கையால் செய்யும் வேலைக்கு மட்டுமல்ல, மனத்தில் சுமக்கும் வேலைக்கும் போட வேண்டும். சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை தீரப் போகிறது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், நாளைக்கு மாவு இல்லை. இப்படி நினைவுக்கு வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை. மூன்று நாளில் அவர் கண்டது என்னவென்றால், கைவேலைக்குப் போட்டதைவிட நினைப்புக்குப் போட்டதே அதிகம். உட்கார்ந்திருந்தாலும் ஓய்வு கிடைக்காமல் போவது இதனால்தான்.

டம்ளரைக் கணவர் முன் வைத்து, சண்டை போடாமல் எண்ணிக் காட்டியிருக்கிறார். அவர் சற்றுநேரம் பேசவில்லையாம். பிறகு, "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்றாராம். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துவிடுகிறோம். சொல்லச் சொல்லச் செய்தால், சொல்லும் வேலை நம்மிடமே நிற்கிறது. ஆகவே ஒரு வேலையைக் கொடுத்தால் வேரோடு கொடுங்கள். தண்ணீர் பிடிப்பது அவர் பொறுப்பு என்றால், தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று நினைவில் வைப்பதும், குடத்தைக் கழுவி வைப்பதும் அவர் பொறுப்புதான். முதல் வாரம் ஒரு நாள் மறந்து போவார். நீங்கள் ஓடிப் போய்ப் பிடிக்காதீர்கள். இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே பல நாள் ஓடிப் போயிருக்கிறேன். அந்த வீட்டில் அவர் தண்ணீரையும், மாமியாரின் மாத்திரையையும் ஏற்றுக்கொண்டார். இரண்டே வேலை. ஆனால் இரண்டும் தன் தலையை விட்டு இறங்கியது என்கிறார் அந்தத் தாய்.

தூக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கு எட்டு மணி நேரத் தூக்கம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. பால் கொடுத்து முடித்த பிறகு, அடுத்த பால் வேளைவரை குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டால், அந்த ஒரு நேரமாவது விழிக்காமல் தூங்கலாம். ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தட்டித் தூங்க வைப்பது, இதற்கெல்லாம் தாய்தான் வேண்டும் என்றில்லை. அடுத்த பிள்ளைக்கு அவசரமும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி கர்ப்பமாக 2 ஆண்டாவது இடைவெளி விடுங்கள். காப்பர்-டி இருக்கிறது, 3 மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி இருக்கிறது. பிள்ளைகள் போதும் என்றால், பெண்ணுக்குச் செய்வதைவிட ஆணுக்குச் செய்யும் தழும்பில்லாத வாசக்டமி எளிது. அண்ணன்மார்களே, அதனால் ஆண்மை குறையாது, உழைக்கும் பலமும் போகாது.

கை ஓங்கத் தோன்றும் நேரத்தில், குழந்தையைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு வாசல்வரை போய் முகம் கழுவுங்கள். குழந்தை இரண்டு நிமிடம் அழுதால் ஒன்றும் ஆகிவிடாது.

இனி, வீட்டிலுள்ளவர்களும் கவனமாகக் கேளுங்கள். பிள்ளை பெற்ற முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே சரியாகும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, பிள்ளைமேல் பற்று வரவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். குணப்படுத்தக் கூடியது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மனஸ் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். குழந்தைக்குக் கெடுதல் செய்யத் தோன்றினாலோ, சாக வேண்டும் என்று சொன்னாலோ, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ, மந்திரிக்கக் கூட்டிப் போய் நாளைக் கடத்தாதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

அந்தத் தாய்க்கு நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.6 ஆயிற்று, இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார். வேலை இருக்கத்தான் இருக்கிறது. போன புதன்கிழமை வந்தபோது, "இப்ப தண்ணி கொட்டினா, துணியக் கொடுத்துத் தொடைக்கச் சொல்றேன்க்கா" என்றார்.

மேசையருகே இரத்தப் பரிசோதனைக்கு நர்ஸம்மா காத்திருக்கிறார். இன்றைக்குக் குழந்தைக்கு முன்னால் நீங்கள் விரலை நீட்டுங்கள். அடுத்த புதன்கிழமை வரும்போது புளியங்கொட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், எண்ணிப் பார்க்கலாம்.