சாயம் கலக்கும் யந்திரமும் நமது கையும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீபாவளி நெருங்குகிறது. லயங்களுக்கும் ஆலைக்கும் சாயம் பூசும் வேலை தொடங்கப் போகிறது. முன்பெல்லாம் டின்னைத் திறந்து குச்சியால் கிண்டினோம். கை வலித்தது; அவ்வளவுதான். இன்று மின்சார டிரில்லில் துடுப்புக் கம்பியை மாட்டிச் சில நிமிடங்களில் கலக்கி விடுகிறோம். யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அதைக் கையில் கொடுத்தவர்கள், பிடிக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார்களா?

ஒரு தோட்டத்தில் நடந்ததை நாம் அறிவோம். கழுத்தில் துண்டோடு ஒரு தோழர் குனிந்து கலக்கினார். துண்டின் நுனி சுழலும் கம்பியில் சிக்கியது. கண் மூடித் திறப்பதற்குள் தலை வாளியருகே இழுபட்டது. பக்கத்தில் நின்றவர் பிளக்கைப் பிடுங்கினார். துண்டு கிழிந்தது, கழுத்து தப்பியது. “கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்றார் மண்டோர். அதை வேலை தொடங்குமுன் சொல்லியிருக்க வேண்டாமா?

ஆகவே சில காரியங்களை மனத்தில் வையுங்கள். துண்டு, தொங்கும் சட்டைக் கை, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல், தொளதொளத்த கையுறை ஆகியவை யந்திரத்தின் அருகே வேண்டாம். கண்ணாடி அணியுங்கள். வாளி உருளாதபடி நிறுத்துங்கள். துடுப்பு சாயத்துக்குள் மூழ்கிய பின்பே சுவிட்சை அழுத்துங்கள், மெதுவாகத் தொடங்குங்கள். கெட்டிச் சாயத்தில் துடுப்பு தடைபட்டால் யந்திரமே திரும்பி மணிக்கட்டை முறுக்கும். இரு கைகளாலும் பிடியுங்கள். சுவிட்சைப் பூட்டி வைக்கும் பொத்தானைத் தொடாதீர்கள்; விரலை எடுத்ததும் யந்திரம் நிற்கவேண்டும். சுழற்சி முற்றும் நின்ற பிறகே துடுப்பை வெளியே எடுங்கள். கழுவுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தின்னர் கலந்த எண்ணெய்ச் சாயத்தின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோரம் படரும். சாதாரண டிரில்லின் மோட்டாருக்குள் தீப்பொறி பறக்கிறது. கதவடைத்த ஸ்டோரில் இவ்விரண்டும் சந்தித்தால் என்னவாகும்? துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது. தலை சுற்றும், மயக்கம் வரும். அத்தகைய சாயத்தைத் திறந்த வெளியில், நெருப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில், குச்சியால் கலக்குவோம். யந்திரம்தான் வேண்டுமென்றால், ஆவியில் தீப்பற்ற வைக்காதபடி செய்யப்பட்ட யந்திரத்தை நிர்வாகம் தரட்டும்.

இது சலுகை அல்ல, தோழர்களே! 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பயிற்சியும் பாதுகாப்பான கருவியும் தருவது முதலாளியின் கடமை. சட்டப்படி தரவேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கொடுத்ததை அணிவது நம் கடமை. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். ஆகவே முதலில் மண்டோரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விலகி நின்று, கிளைச் செயலாளரிடம் வாருங்கள். சிறு காயமானாலும் அன்றைக்கே ஆபீசில் பதியச் சொல்லுங்கள். பதியாத காயத்துக்குப் பிறகு நஷ்ட ஈடு கேட்பது கஷ்டம்.

பால்மரம் வெட்டும் கை, பிள்ளைகளுக்குச் சோறு போடும் கை. சுவர் ஒரு நாள் தாமதமாக வெளுத்தால் குற்றமில்லை. கை போனால் திரும்பி வராது. கேட்டுப் பெறுவோம், பெற்றதைப் பயன்படுத்துவோம்.