கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



“நர்சிங் தியரியும் நோயாளியின் குடும்பமும்” என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தியரி என்றதும் பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஹென்டர்சன் சொன்ன 14 தேவைகளை நாங்களும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தவர்கள்தான். ஆனால் வார்டில் எனக்குத் தினமும் கைகொடுத்த தியரி ஒன்று உண்டு. டாரத்தி ஓரெம் அம்மையார் 1971-ல் புத்தகமாகக் கொண்டுவந்த சுயபராமரிப்புக் கோட்பாடு அது.

அதை நம்ம பாஷையில் சொன்னால் இவ்வளவுதான். சாப்பிடுவது, குளிப்பது, மருந்து போட்டுக்கொள்வது எல்லாம் மனிதன் தனக்குத்தானே செய்துகொள்கிற வேலை. நோய் வந்தால் உடம்பு கேட்கிற வேலை கூடும், செய்கிற சக்தி குறையும். நடுவில் விழுகிற அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் நர்ஸ். சில நாள் முழுதாக நிரப்ப வேண்டும். சில நாள் பாதி போதும். சில நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாலே போதும். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவருக்காக இந்த வேலையைச் செய்கிற குடும்பத்தாருக்கும் அவர் தியரியில் இடம் வைத்திருக்கிறார். நம் ஊருக்கு அந்த இடம்தான் முக்கியம்.

ஏனென்றால் நம் வார்டுகளில் குடும்பத்தார் ஏற்கெனவே இருக்கிறார்கள். “அட்டெண்டர் எங்கே?” என்று கூப்பிடுகிறோம். மருந்து வாங்கி வர, ரத்த ரிப்போர்ட் வாங்கி வர, ஸ்ட்ரெச்சர் தள்ள, எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் மட்டும், “எல்லாரும் வெளியே போங்க!” டிஸ்சார்ஜ் அன்று காலையில் டியூப் ஃபீடிங்கையும் படுக்கைப்புண்ணையும் பத்து நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த அம்மா தலையை ஆட்டுவார். புரிந்துதான் ஆட்டுகிறாரா?

ஒரு நெசவாளரைப் பற்றிச் சொல்கிறேன். வலது பக்கம் பக்கவாதம், பேச்சும் குழறல். முதல் சில நாள் எல்லாமே நாங்கள்தான். ஆனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை அவரைப் புரட்டும்போது அவர் மனைவியையும் கூட நிற்க வைத்தேன். முழங்காலை மடக்கி, விரிப்பைப் பிடித்து, தூக்காமல் உருட்டுவது எப்படி என்று முதல் நாள் பார்த்தார். மறுநாள் என்னோடு சேர்ந்து செய்தார். மூன்றாம் நாள் அவர் செய்ய, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதுகுக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று எனக்கு முன்னால் அவரே பார்க்க ஆரம்பித்தார்.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. விழுங்குவது சரியாகி, டியூபை எடுத்தாகிவிட்டது. இடது கை நன்றாக வேலை செய்கிறது. தியரிப்படி அவரே சாப்பிட வேண்டியதுதானே? தட்டைத் தொடவே மாட்டேன் என்கிறார். இடது கையால் சோற்றைத் தொடுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மனைவி மூன்று வேளையும் ஊட்டுகிறார்.

“ஊட்டட்டுமே சிஸ்டர், பொண்டாட்டிதானே?” என்றார் கூட இருந்த ஸ்டாஃப். நியாயம்தான். ஆனால் நான் அந்த அம்மாவிடம், “வீட்டுக்குப் போனதும் உங்க வேலை என்னம்மா?” என்று கேட்டேன். தறிக்குத் தார் சுற்றுகிறாராம். அவருடைய தறி நின்றுபோன பிறகு, பக்கத்து வீட்டுத் தறிகளுக்குச் சுற்றினால்தான் அடுப்பு எரியும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஊட்ட உட்கார்ந்தால் கூலி போச்சு. அந்த வீட்டில் யார் ஊட்டுவது என்பது வருமானக் கணக்கும்கூட.

வழியைக் கண்டுபிடித்தது நானில்லை, ஓரெம்மும் இல்லை. அந்த அம்மாதான். “கைதானே படக்கூடாது? ஸ்பூன்ல சாப்பிடச் சொல்றேன் சிஸ்டர்.” குழைந்த சாதம், கிண்ணம், ஸ்பூன். சட்டையில் பாதி சிந்தியது. ஆனால் சாப்பிட்டது அவர்.

தியரியை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்பதற்கும் இதைத்தான் சொல்வேன். தன் வேலையைத் தானே செய்துகொள்வதே பெருமை என்பது அமெரிக்க மண்ணின் எண்ணம். நம் வீட்டில் ஊட்டுவது பாசம். ஓரெம் நமக்குக் கேள்வியைத் தருகிறார். பதிலைக் குடும்பத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்வது வெளிநாட்டுச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில், தாய் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் தங்கலாம் என்று பிளாட் அறிக்கை பரிந்துரைத்தது 1959-ல். அதற்கு முன்பே, 1950-களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரத்தில் தங்கவைத்தார். 1957-ல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் அதே வழியில் போனது. இதை நம் பாடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளை கேர் பிளான் எழுதும்போது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, “வீட்டில் இதை யார் செய்வார்? அதற்காக அவர் எதை விட வேண்டியிருக்கும்?” என்று எழுதிக்கொள்ளுங்கள். கட்டிலில் இருப்பவரிடமும் பக்கத்தில் நிற்பவரிடமும் கேட்டே அதை நிரப்புங்கள். டிஸ்சார்ஜ் அன்று அல்ல, அட்மிஷன் அன்றே. பரீட்சையில் ஓரெம் வந்தாலும் உதாரணத்துக்கு ஆகும்.